எங்கள் வீட்டில் பதிவாகியிருந்த நாற்பத்தொரு குதிரை வீரர்கள்

யுத்தம் நடந்த வருடங்களில், திருகோணமலை லிங்கநகரில், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, எழுநூறு வருடங்களுக்கு முந்திய பிரெஞ்சு உரைநடைக் கதைகளை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். இரும்புச் சட்டை போட்டுக் குதிரையேறிக் காடு காடாக அலையும் வீரர்களைப் பற்றிய கதைகள். ஏன் என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. முதலில் பொறுமையாக விளக்கினேன். விளக்கி முடிய, "அது சரி, ஏன்?" என்று மறுபடியும் கேட்டார்கள். பிறகு "சும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது எல்லோருக்கும் விளங்கிய காரணமாக இருந்தது.

பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன். பிரெஞ்சு, பல்கலைக்கழகத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் படித்தது. கலியாணம் ஆகவில்லை; அண்ணனோடு இருந்தேன். அண்ணன் துறைமுகத்தில் எழுதுவினைஞர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. எதைக் கண்டாலும் எண்ணுவார். எந்தத் தாளைக் கண்டாலும் அதை உரிய இடத்தில் ஒப்படைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நல்ல மனுஷன். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது.

நான் எடுத்துக்கொண்டது எவரும் சீண்டாத ஒரு கதை. எழுதியவன் பெயர் தெரியாது. ஒரேயொரு கையெழுத்துப் பிரதி, பிரான்சில் ஒரு சின்னப் பட்டணத்து நூலகத்தில் இருக்கிறது. அதன் படப்பிரதிகளை அங்குள்ள பேராசிரியர் தபாலில் அனுப்புவார். யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய உறையில் அவை வந்து சேரும். இந்தக் கதைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீரனைக் காட்டுக்குள் பாதி வழியில் நிறுத்திவிட்டு, இனி இவரைப் பற்றிப் பேச மாட்டோம் என்று சொல்லிக் கதை இன்னொருவனிடம் போய்விடும். நூறு பக்கம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட அதே மரத்தடியில் அவனைப் பிடிக்கும். நாற்பது பேரின் வழிகளைப் பாய் இழைப்பது போல இப்படி இழைத்துக்கொண்டு போகிறவன் ஒருவரையும் மறப்பதில்லை என்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மறந்திருக்கிறான், ஆள் ஆளாக எண்ணிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். எண்ணுகிற புத்தி எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கும் இருந்தது.

ஏழு வருடம் பிடித்தது. ஆய்வை எழுதி அனுப்பியாயிற்று. மிச்சம் வாய்மொழிப் பரீட்சை மட்டும். அதற்காகப் பிரான்சில் இருந்து ஒருவர் கொழும்புக்கு வருகிறார், இரண்டே நாள். அதில் ஒரு காலை எனக்கு. ஏற்கனவே இரண்டு தடவை என்னால் போக முடியவில்லை. ஒருமுறை பாதை பூட்டு, ஒருமுறை ஊரடங்கு. இனித் தவணை இல்லை, வராவிட்டால் பதிவு ரத்து என்று கடிதம் சொன்னது. கொழும்புக்குப் போக இராணுவம் தரும் பயணப் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. அது ஒரு பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

இங்கே படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், ஆளுக்கொரு வெள்ளைப் படிவம் நிரப்பி, கிராம அலுவலரான விதானையாரிடம் கையெழுத்து வாங்கி இராணுவ முகாமில் கொடுக்க வேண்டும். எங்கள் விதானையார் ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வைக்கப் பஞ்சிப்பட்டு, வீட்டுக்கு ஐம்பது என்று முன்கூட்டியே வீட்டு இலக்கம் போட்டு, சீல் குத்தி, கையெழுத்தும் வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். பிறகு திடீரென்று மஞ்சள் படிவம் வந்தது. வெள்ளை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கடையில் தாள் கிடைக்காத காலம். எங்கள் வீட்டுக் கட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெறுந்தாளாகப் பாவிக்கலாம் என்றுதான் எடுத்தேன். வாசித்துப் பார்த்ததும் அசந்து போனேன். பெயர், தகப்பன் பெயர், தொழில், எங்கிருந்து வந்தவர், வந்த காரணம், கொண்டுவந்த உடைமைகள், போன நாள், போன இடம். என் வீரர்கள் ஒரு கோட்டைக்கு வருவதையும் போவதையும் குறித்துவைக்க இதைவிடத் திறமான அட்டவணையை ஐரோப்பாவில் எந்த அறிஞரும் கண்டுபிடித்ததில்லை. ஆளுக்கொரு படிவமாக, பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதி, நல்ல கையெழுத்தில் நிரப்பிக்கொண்டு போனேன். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அந்தக் கட்டு என் மேசையில் கிடந்தது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்திருக்கிறது. மஞ்சள் படிவம் முடிந்துபோயிற்று, வெள்ளை மறுபடி செல்லும், நிரப்பிய படிவங்களைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைக்கவும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் படிவத்தை எவரும் வாசிப்பதில்லை, ஒப்படைப்பதோடு சரி. வாசித்துக்கொண்டு நின்றால் வரிசையில் மற்றவர்கள் முந்திவிடுவார்கள். அண்ணன் மேசையில் இருந்த கட்டை எடுத்து, எண்ணி, கொண்டுபோய்க் கொடுத்து, பற்றுச்சீட்டுத் துண்டும் வாங்கி வந்தார்.

"படிவம் குடுத்திட்டன் பிள்ளை," என்றார் பின்னேரம்.

எங்கள் இரண்டு பேருடைய வருடாந்தப் படிவத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "நல்லது," என்றேன்.

பாஸ் கொடுக்கும் இராணுவக் கந்தோர் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது. அங்கே கிளாக்கர் கிண்ணியாக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிக்கும் அமைதியான மனிதர். என் விண்ணப்பத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கட்டோடு வந்தார். அந்தக் கையெழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

"பாஸ் தர ஏலாது டீச்சர்," என்றார். "உங்கட வீட்டில நாப்பத்தொரு பேர் வந்து நிக்கிறாங்க. அவங்க போன பதிவு இல்ல. விருந்தாளிகள விட்டுட்டு வீட்டுக்காரர் போறதுக்கு விதியில்ல."

"அவை விருந்தாளியள் இல்லை. ஒரு கதையில வாற ஆக்கள்."

அவர் முதல் படிவத்தை எடுத்தார். "இவர்ட தொழில், அலைந்து திரிதல். உடைமைகள், குதிரை ஒன்று, வாள் ஒன்று, ஈட்டி மூன்று. வந்த காரணம், அழுதுகொண்டிருந்த பெண்ணொருத்தியின் வழக்கைத் தீர்க்க." அடுத்ததை எடுத்தார். "இவருக்குப் பேர் இல்ல. பெயர் சொல்ல மறுக்கிறார் எண்டு எழுதியிருக்கிறீங்க."

"ஒரு வருஷத்துக்குப் பேர் சொல்றேல்ல எண்டு அவர் சத்தியம் பண்ணினவர்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாசிச்சனான்."

"டீச்சர், இல்லாத ஆளுக்கு விதானையார் எப்பிடிச் சீல் குத்தினார்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் விதானையாரின் வேலை போய்விடும்.  ஏழு வருடம் படித்த படிப்பில் அந்த நேரம் உதவக்கூடிய ஒரு வரிகூட இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் ஜீப்பில் வந்து பார்த்தார்கள். ஒரு அதிகாரி, நாலு சிப்பாய்கள், மொழிபெயர்க்கக் கிளாக்கர். எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு குசினி. அலுமாரியைத் திறந்தார்கள். கோப்பைகளை எண்ணினார்கள்; ஆறு. இரண்டு கட்டிலையும் அதிகாரி அடி வைத்து அளந்து, நாற்பத்தொரு பேர் இங்கே படுக்க முடியாது என்று கண்டுபிடித்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் வேறெங்கே படுக்கிறார்கள் என்று கேட்டார்.  சிப்பாய்கள் வளவுக்குள் குதிரைச் சாணம் தேடினார்கள். பக்கத்து வீட்டு மாட்டின் சாணம் அகப்பட்டது. அதை நாலு பேரும் சுற்றி நின்று நெடுநேரம் பார்த்தார்கள்.

அண்ணன் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். "ஐயா, நான் எண்ணித்தான் குடுத்தனான்," என்றார் அதிகாரியிடம், கையில் துண்டோடு. "நாப்பத்தொண்டு. ஒண்டு கூடக் குறையேல்ல." அன்றைக்கு அவரோடு நான் கதைக்கவில்லை. அந்தக் கிழமையே, பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் சங்கக்கடையில் இருந்து, எங்கள் வீட்டுக்கு நாற்பத்துமூன்று பேருக்குரிய மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னது. அண்ணன் கானைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். படலையில் குறுக்கே நின்று மறித்தேன். "அவையள் தாறது, வேண்டாமெண்டால் குழப்பம்தானே வரும்," என்று முணுமுணுத்தபடி கானைக் கொண்டுபோய் வைத்தார்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தபோது கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு பைல் திறந்திருந்தது. நாற்பத்தொரு பைல்கள், மேசையில் இரண்டு அடுக்காக. அதிகாரி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஆளைப் பதிவில் இருந்து எடுப்பதென்றால் இரண்டு வழி என்று கிளாக்கர் விளக்கினார். செத்தவர் என்றால் மரணச் சான்றிதழ். வேறிடம் போனவர் என்றால் அந்த இடத்து விதானையாரின் கடிதம்.

"பதினேழு பேர் செத்திட்டினம்," என்றேன். பொய் சொல்லவில்லை, என் ஆய்வின் மூன்றாம் அத்தியாயம்.

"எங்க?"

"காட்டுக்குள்ள, ஊற்றடியில, பாலத்தில. இவரை அவற்ற சொந்தத் தம்பி வெட்டினது. இரும்புத் தொப்பி போட்டிருந்ததால முகம் தெரியேல்ல."

கிளாக்கர் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி முன்னுக்குச் சாய்ந்தார். தம்பிக்கு எப்போது தெரிய வந்தது என்று கேட்டார். தொப்பியைக் கழற்றிய பிறகு என்றேன். அவர் தம்பியின் பைலை எடுக்கச் சொன்னார். இப்படிக் காலை முழுக்கப் போனது. என் ஆய்வை அவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஆள் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை. சில இடங்களில் நானே என்னை மறந்து, எழும்பி நின்று விளக்கினேன். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் வாசலால் எட்டிப் பார்த்தார்கள்.

மற்ற இருபத்தொரு பேர் எந்தெந்தக் கோட்டைக்குத் திரும்பினார்கள் என்றும் சொன்னேன். கடைசியில் மூன்று பைல் மிஞ்சியது. அவர்கள் சாகவில்லை, திரும்பவும் வரவில்லை. கதை அவர்களை விட்டுவிட்டுப் போனது, பிறகு அவர்களிடம் வரவேயில்லை. என் முழு ஆய்வும் அந்த மூன்று பேர்தான்.

"இவையள் எங்க எண்டு ஒருவருக்கும் தெரியாது," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. செத்தவர் உண்டு, போனவர் உண்டு. எங்கே என்று தெரியாதவர் என்று இந்தக் கந்தோரில் ஒரு பகுதி இல்லை என்றார். பைல்களை மூடினார். இவ்வளவு கஷ்டம் எதற்கு, இப்படி ஆட்கள் எக்காலமும் இருந்ததில்லை என்று டீச்சரே எழுதித் தரட்டும், நாற்பத்தொன்றையும் ஒரேயடியாக மூடிவிடலாம் என்றார். நான் முதல் நாளே சொன்னதும் அதுதான். ஆனால் அன்றைக்கு அது என் வாயில் இருந்து வந்தது, இன்றைக்கு அவர் வாயில் இருந்து வந்தது.

கிளாக்கர் தாளும் பேனையும் தந்தார். ஒரு மூலையில் இருந்து எழுதினேன். மூன்று தடவை வெட்டித் திருத்தினேன். எந்தப் பக்கத்தாலும் ஒரு ஓட்டை இருக்கக்கூடாது. ஓட்டை இருந்தால் இன்னொரு பைல் திறப்பார்கள், பரீட்சை போய்விடும். கடைசியில் வந்த வசனம் இது: 'மேற்குறிப்பிட்ட நபர் எக்காலத்திலும் பிறந்ததாகவோ, இவ்விடத்தில் வாழ்ந்ததாகவோ, இங்கிருந்து சென்றதாகவோ எவ்விதச் சான்றும் இல்லை, அவரைப் பற்றிக் கூறப்படுவன யாவும் கற்பனையே.'

கிளாக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார். "நல்ல வசனம் டீச்சர்," என்றார். "ஒருத்தராலும் மறுத்துக் கதைக்க ஏலாது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆளுக்கொரு கடிதம் வேண்டும் என்பதால், பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ மெஷினில் சுற்றினார்கள். ஸ்டென்சிலை வீணாக்காமல் நூறு பிரதி எடுத்தார்கள். நாற்பத்தொன்றில் பெயர் நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். பெயர் சொல்ல மறுத்தவருக்கு, பெயர் சொல்ல மறுத்தவர் என்றே எழுதினேன். மிச்சத்தைக் கிளாக்கர் தட்டிச் சீராக்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். பாஸ் கிடைத்தது.

கொழும்பில் எல்லாம் நன்றாக நடந்தது. பிரான்சில் இருந்து வந்தவர் மெலிந்த, சளித்தடிமன் பிடித்த மனிதர். நாற்பத்தொன்று என்ற எண்ணிக்கை நிச்சயம்தானா என்று கேட்டார். எங்கள் ஊரில் அரசாங்கமே எண்ணிப் பார்த்தது என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். கடைசி மூன்று பேரையும் எழுதியவன் மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா என்று கேட்டார். மறந்தான் என்றேன், வேண்டுமென்று விட்டிருந்தால் அதற்கொரு வசனம் எழுதியிருப்பான் என்றேன். அந்தப் பதிலை அவர் குறித்துக்கொண்டார். பட்டம் கிடைத்தது. பஸ்ஸில் திரும்பி வருகிற வழி முழுக்க, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறியபோதும், நான் சிரித்த முகமாகவே இருந்தேன்.

பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போய் வாங்கில் இருந்தேன். பக்கத்தில் சல்லிக் கிராமத்தில் இருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். மகன் மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர். போய் ஒரு வருடம். கிழமைக்கு ஒருநாள் இந்த வாங்குக்கு வருகிறாராம். என்னை அவருக்குத் தெரிந்திருந்தது.

"உங்கட ஆக்கள் அத்தினை பேருக்கும் ஆளுக்கொரு பைல் போட்டினம். நான் வாசலில நிண்டு பாத்தனான்," என்றார். "என்ர மகனுக்கு இன்னும் ஒண்டும் போடேல்ல. இண்டைக்குத்தான் ஒரு கடிதம் தந்தவை. வாசிச்சுப் பாத்தன், விளங்கேல்ல. நீங்கள் படிச்ச ஆள்."

வாங்கிப் பார்த்தேன். ரோனியோ மை. மேலே விட்ட இடத்தில் அவருடைய மகனின் பெயர். கீழே என் வசனம், ஒரு சொல் மாறாமல்.

"பிறக்கேல்ல எண்டு எழுதியிருக்குப் பிள்ளை. நான்தானே பெத்தனான்," என்றார். "ஆர் இதை எழுதினது?"

கிளாக்கர் மேசையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவரைக் காட்டியிருக்கலாம். உள்ளே இருந்த அதிகாரியைக் காட்டியிருக்கலாம். 

"நான்தான் எழுதினனான் அம்மா," என்றேன்.

அவர் ஏசுவார் என்று இருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.  அவர் தாளை என் மடியில் வைத்தார்.

"அப்ப நீங்களே மாத்தி எழுதித் தாங்கோ," என்றார்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், தொழில், போன நாள், போன இடம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நீலக் கட்டம் போட்ட சேட்டு. சைக்கிளின் இடது மிதியில் ரப்பர் இல்லை. பெட்டியில் சூடை மீன், அரைவாசிதான். போகும்போது தேத்தண்ணி குடிக்கவில்லை, வந்து குடிக்கிறேன் என்றவர். எல்லாவற்றையும் எழுதி, இப்படி ஒருவர் இருந்தார், இருக்கிறார் என்று முடித்து, கீழே என் கையெழுத்தையும் புதுப் பட்டத்தையும் போட்டுக் கிளாக்கரிடம் கொண்டுபோனேன்.

அவர் முழுவதையும் வாசித்தார். தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இத எடுக்க ஏலாது டீச்சர்," என்றார், மெதுவாக. "முன்பக்கத்தில உங்கட வசனம் இருக்கு."

தாளைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த அம்மா வாங்கில் இருந்து எழும்பி நின்றார்.